ப்ளோயர் மோட்டார் (ஹீட்டர் ஃபேனைச் சுற்றுவது) போய்விட்டது என்கிறார் எலக்ட்ரீஷியன், எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை (2001 ஜென்)

டீத்தோட்டம்:

வணக்கம். வண்டி 2001 மாருதி ஜென் எல்எக்ஸ், பெட்ரோல். அப்பா புதிதாக வாங்கியது. ஐந்து வருடமாக நான் ஓட்டுகிறேன். 1,18,000 கி.மீ. தாண்டிவிட்டது. இருப்பது கோத்தகிரிக்குப் பக்கத்தில்.

சமவெளியில் இருப்பவர்களுக்குக் கார் ஹீட்டர் என்றால் ஆடம்பரமாகத் தெரியலாம். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மேகமும் சேர்ந்து இறங்கினால், முன்கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஆகிவிடும். வெளியே வைப்பர் என்னதான் ஆடினாலும் பயனில்லை. ஹீட்டர் ஃபேன் ஊதினால்தான் ரோடு தெரியும்.

போன குளிர்காலத்திலேயே சின்ன ஸ்பீடுகள் நின்றுவிட்டன. ஸ்விட்சைக் கடைசி வரை தள்ளினால் மட்டும் ஓடும். ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன் (தப்புதான், திட்டாதீர்கள்). மூன்று வாரத்துக்கு முன் அம்மாவை மேட்டுப்பாளையத்திலிருந்து கூட்டிக்கொண்டு ஏறும்போது பாதி மலையில் அதுவும் நின்றது. நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் பிளாஸ்டிக் தீய்கிற வாடை. யாரோ டயர் எரிக்கிறார்கள் என்றார் அம்மா. மலைமேல் அந்த மழையில் யார் டயர் எரிப்பார்கள்? மீதி தூரம் அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார், நான் ஜன்னல் வழியே தலையை நீட்டி ஓட்டினேன். வீடு வந்து சேர்ந்தபோது என் வலது காது விறைத்துப் போயிருந்தது.

எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. க்ளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, சாவி ஆன், ஸ்விட்ச் கடைசி ஸ்பீடில் வைத்து, மோட்டாருக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் லாம்பை (ஒரு பக்கம் கிளிப்பும் மறுபக்கம் ஊசியும் உள்ள சின்ன பல்பு) வைத்தார். எரிந்தது. இன்னொரு ஒயரிலும் வைத்தார். அதிலும் எரிந்தது. “ரெண்டுலயும் கரண்ட் வருது, மோட்டார்தான் சுத்த மாட்டேங்குது. மோட்டார் போச்சு” என்று முடித்துவிட்டார். பழைய மோட்டார் தேடி மாட்டித் தர 4,500 ரூபாய் கேட்கிறார்.

எனக்கு எலக்ட்ரிக்கல் தெரியாது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. இரண்டு ஒயரிலும் கரண்ட் வந்தால் அது எங்கேதான் போகும்?

இன்னொரு தகவல்: ஃபேன் ஓடாவிட்டாலும் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் வென்டில் வெதுவெதுப்பான காற்று லேசாக வருகிறது.

கொண்டை ஊசி:

கடைசியாகச் சொன்னது முக்கியமான தகவல். எஞ்சினின் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (சின்ன ரேடியேட்டர் மாதிரி) வரைக்கும் ஒழுங்காக வருகிறது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட், ஹோஸ் பக்கமெல்லாம் போய் யாரும் காசு பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரச்சினை ஃபேனில் மட்டும்தான்.

சரியாகும்வரை மழையில் ஓட்ட வேண்டி வந்தால், காற்று உள்ளேயே சுற்றும் நிலையில் லீவரை வைக்காதீர்கள், வெளிக்காற்று உள்ளே வரட்டும். கண்ணாடியில் படிவது நாம் விடும் மூச்சின் ஈரம்தான். நான்கு பேர் ஏறினால் நான்கு மடங்கு படியும். எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்கள் இரண்டை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டால் பாதி குறையும். கண்ணாடியின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, காய்ந்த துணியால் பளபளப்பு வரும்வரை தேய்த்தாலும் ஒரு நாள் தாங்கும். முந்தானையை விட மேல்.

டாப் கியர்:

எதற்கு இவ்வளவு யோசனை? பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் இழுத்து, டேஷ்போர்டில் டோகிள் ஸ்விட்ச் மாட்டி, மோட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். 150 ரூபாயில் வேலை முடிந்தது. என் ஆம்னியில் நான்கு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

ஆம்பியர்:

டாப் கியர், உங்கள் ஆம்னியில் அந்த ஒயருக்கு நடுவில் ஃபியூஸ் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் ஒயர் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகடு) எங்கேயாவது உரசித் தோல் போனால் வண்டியே எரிந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டீத்தோட்டம் தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியிலேயே விடை இருக்கிறது. இரண்டு ஒயரிலும் கரண்ட் இருந்தால் அது எங்கேயும் போகவில்லை. போக வழியில்லாமல் நிற்கிறது.

நான் பஸ் டிப்போவில் எலக்ட்ரிக்கல் பிரிவில் 28 வருடம் இருந்தவன். “ரெண்டு பக்கமும் எரியுது, மோட்டார் போச்சு” என்ற தீர்ப்பால் எத்தனை நல்ல மோட்டார்கள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் ஆரம்ப காலத்தில் நான் அனுப்பியவையும் அதில் இருக்கும்.

வீட்டு ஃபேனில் ஸ்விட்ச் ஃபேனுக்கு முன்னால் இருக்கும். பெரும்பாலான ஜப்பானிய டிசைன் கார்களில் ப்ளோயருக்கு அப்படி இல்லை. சாவியைப் போட்டதும் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் நேரே மோட்டாருக்கு வந்துவிடும். மோட்டாரைக் கடந்து வெளியே வரும் ஒயர்தான் ரெசிஸ்டருக்கும் (வேகத்தைக் குறைக்கும் தடைக்கம்பி) ஸ்விட்சுக்கும் போய்க் கடைசியில் பாடியில் எர்த் ஆகும், அதாவது பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும். ஸ்விட்சுக்கு எர்த் கொடுப்பது ஒன்றுதான் வேலை. மாடியில் டேங்க் நிறையத் தண்ணீர் இருந்து, கீழே குழாய் மூடியிருந்தால், நடுவில் எங்கே ஓட்டை போட்டாலும் தண்ணீர் பீய்ச்சும் அல்லவா? உங்கள் இரண்டாவது ஒயரில் எரிந்த லாம்ப் அந்த ஓட்டை. தண்ணீர் இருக்கிறது, ஓட்டம் இல்லை.

இப்போது இதைக் கவனியுங்கள். அந்த இரண்டாவது ஒயருக்குக் கரண்ட் எந்த வழியாக வந்தது? மோட்டாருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தால்தான் உண்டு. உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து தொடாமல் இருந்தாலோ சுற்றியிருக்கும் கம்பி (காயில்) அறுந்திருந்தாலோ அங்கே லாம்ப் எரிந்தே இருக்காது. மோட்டார் இறுகிப்போய் நின்றிருந்தால் பெரும்பாலும் ஃபியூஸ் போயிருக்கும். ஆக அந்த டெஸ்ட் லாம்ப் ‘மோட்டாரில் தொடர்பு அறுபடவில்லை, எர்த் பக்கம்தான் அறுந்திருக்கிறது’ என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வைத்தவர் காதில் விழவில்லை.

சின்ன ஸ்பீடுகள் முதலில் போனதும் அதே பக்கத்துக் கதைதான். சின்ன ஸ்பீடில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகும். கடைசி ஸ்பீடில் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேரே ஸ்விட்சுக்குப் போய்விடும். அதனால் ‘கடைசி ஸ்பீடு மட்டும் ஓடுகிறது’ என்று யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு ரெசிஸ்டர் என்று சொல்லலாம், பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். அப்புறம் அந்தத் தீய்ந்த வாடை. அது ஏதோ ஒரு கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) தீய்ந்த வாடை.

மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மோட்டார் கப்ளரைப் பிரித்து, சாவி ஆன் செய்து, வண்டிப் பக்கத்து ஒயர்களை மட்டும் பாருங்கள். லாம்பின் கிளிப் பாடியில். இரண்டில் ஒன்றில்தான் இப்போது எரியும். அது சப்ளை ஒயர். அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளிப்பைப் பாடியிலிருந்து எடுத்து அந்தச் சப்ளையில் மாட்டி, ஊசியை இன்னொரு ஒயரில் வைத்து, ஒருவரை ஸ்விட்சை ஒவ்வொரு ஸ்பீடாகத் தள்ளச் சொல்லுங்கள். எர்த் வழி சரியாக இருந்தால் எரியும். எந்த ஸ்பீடிலும் எரியாது என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

கடைசியாக, கப்ளரைத் திரும்ப மாட்டி, மோட்டாரின் எர்த் பக்கத்து ஒயரிலிருந்து பாடிக்கு, நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துத் தடிமனான ஒயரால் தொட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் 4,500 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கும். சப்ளை ஒயரைத் தொட்டுவிடாதீர்கள், ஃபியூஸ் போகும்.

டீத்தோட்டம்:

ஆம்பியர் ஐயா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை ஸ்விட்ச் தள்ள உட்கார வைத்துவிட்டுச் செய்தேன். நீங்கள் சொன்னபடி சப்ளை ஒயர் ஒன்றில்தான் எரிந்தது. கிளிப்பை அதில் மாட்டி மற்றதைத் தொட்டபோது எந்த ஸ்பீடிலும் எரியவில்லை. பிறகு ஃபியூஸ் வைத்த ஒயரால் எர்த் கொடுத்தேன். முதலில் ஒரு உறுமல், அப்புறம் மெதுவாக வேகம் எடுத்துச் சுற்றியது! சுற்றியதோடு வென்ட் வழியாக ஒரு கைப்பிடி சில்வர் ஓக் இலைத்தூளை அப்பா முகத்தில் அடித்தது. எங்கள் வண்டி நிற்பது சில்வர் ஓக் மரத்தடியில். வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக விழுந்திருக்கும். என் வண்டியில் ஃபில்டர் எதுவும் இல்லை.

ஸ்விட்சைப் பின்பக்கமாக எடுத்துப் பார்த்தேன். கப்ளர் வெள்ளை நிறம், ஒரு மூலை மட்டும் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் உருகியிருந்தது. அந்த மூலையில் கருப்பு ஒயரின் பின் கறுத்துப்போய்த் தளதளவென்று ஆடியது. கையால் இழுத்ததும் ஒயர் தனியாக வந்துவிட்டது. ரெசிஸ்டரையும் கழற்றினேன். ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய கம்பிகளில் ஒன்று நடுவில் அறுந்திருக்கிறது.

அந்த உறுமல் மட்டும் பயமாக இருக்கிறது. விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் காலையில் பிசின் ஒட்டின மாதிரி இறுக்கம். மதியம் வெயில் வந்த பிறகு கொஞ்சம் லேசாகச் சுற்றுகிறது. கப்ளர் மட்டும் மாற்றினால் போதுமா?

ஆம்பியர்:

போதாது. நல்லவேளை கேட்டீர்கள். கப்ளரை மாற்றிவிட்டு அப்படியே ஓட்டினால் அடுத்த கார்த்திகையில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

கப்ளர் சும்மா உருகாது. ஒரு கணக்குச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பின் கொஞ்சம் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் 9 ஆம்பியர் இழுத்தால் அந்தப் பின்னில் உண்டாகும் சூடு 8 வாட். அதே மோட்டார் இறுகி 17 ஆம்பியர் இழுத்தால் 29 வாட். ஆம்பியர் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்றரை மடங்கு. கடையில் விற்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் சொருகி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். மொத்தம் எத்தனை ஆம்பியர் போகிறது என்றுதான் ஃபியூஸுக்குத் தெரியும். எந்த மூலையில் பின் தளர்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ரெசிஸ்டர் அறுந்ததற்கும் இதே காரணம் இருக்கலாம். அது காற்றுக் குழாய்க்குள் உட்கார்ந்திருப்பதே, ஃபேன் காற்று அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான். ஃபேன் மந்தமாகச் சுற்றினால் கரண்டும் அதிகம், குளிர வைக்கும் காற்றும் குறைவு. இலைத்தூள் வேறு.

முடிந்தால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது வாங்கி, காலைக் குளிரில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரில் அளக்காதீர்கள், அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும்.

மோட்டாரை வெளியே எடுத்து புஷ்ஷைப் (தண்டு சுற்றும் வளையம்) பாருங்கள். காலையில் இறுக்கம், வெயிலில் லேசு என்றால் உள்ளே உறைகிற ஏதோ ஒன்று இருக்கிறது. யாராவது முன்னால் கிரீஸோ எண்ணெயோ போட்டார்களா?

புதுப்பேட்டைக்காரன்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ரெசிஸ்டருக்குப் புதிதாக அலைய வேண்டாம். சென்னைக்கு யாராவது வந்தால் புதுப்பேட்டையில் பழைய ஜென்னைப் பிரித்து விற்பவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய ரெசிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போவது முக்கியம். போட்டோ காட்டினால் “இதேதான் சார்” என்று வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். பின்களின் எண்ணிக்கையும், கப்ளர் உட்காரும் வாயும், ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். ஸ்விட்ச் கப்ளரை ஒயரோடு ஒரு சாண் நீளம் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெறும் கப்ளரை வாங்கிவிட்டுப் பின் அடிக்க முடியாமல் நான் ஒருமுறை திண்டாடினேன்.

டீத்தோட்டம்:

எல்லாம் முடிந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், பச்சைத் தேயிலை பறிப்பு நேரம்.

சோலார் மாட்டும் நண்பன் ஒருவனிடம் டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தது. காலை ஆறரை மணிக்கு, பழைய நிலையிலேயே, எர்த் ஒயர் கொடுத்து அளந்தோம். 17.2 ஆம்பியர். ஐயா சும்மா உதாரணத்துக்குச் சொன்ன கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நண்பன் என்னைப் பார்த்தான், நான் மீட்டரைப் பார்த்தேன்.

பிறகு மோட்டாரைக் கழற்றினேன். கைதான் போக மாட்டேன் என்றது. சீட்டுக்குக் கீழே தலையும் வாசல் பக்கம் காலுமாகப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம். விசிறிக்கூட்டுக்குள் இலைத்தூளும், ஏதோ பூச்சியின் பழைய கூடும். அதைத் தட்டிவிட்டுத் தண்டைப் பார்த்தால், புஷ் வாயில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஒரு வளையம். தூசி சேர்ந்து ஓரம் மட்டும் சாம்பல் நிறம். நகத்தால் சுரண்டி விரலில் வைத்ததும் உருகிவிட்டது. மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

இங்கே மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்தால்தான் தலைக்கு வைக்க முடியும். அதை ஃபேன் மோட்டாரில் யார் விட்டிருப்பார்கள்? வீட்டுக்குள் பார்த்து “அப்பா” என்று கூப்பிட்டேன். கூப்பிட்ட விதத்திலேயே புரிந்துவிட்டது போலிருக்கிறது, வெளியே வராமல் ஜன்னல் வழியாகவே பதில் சொன்னார். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஃபேன் கீச்கீச் என்று கத்தியதாம். அப்போது கோடைகாலமாம். நாலு சொட்டு விட்டாராம். உடனே நின்றுவிட்டதாம்.

மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தண்டையும் புஷ் வாயையும் துடைத்தேன், காயிலில் படாமல். காய்ந்த பிறகு எஞ்சின் ஆயில் இரண்டே சொட்டு. கையால் சுண்டினால் விசிறி தானாக நான்கு சுற்று சுற்றி நிற்கிறது. ரெசிஸ்டரும் ஸ்விட்சோடு கப்ளரும் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் வாங்கி அனுப்பினான், இரண்டும் சேர்த்து 650 ரூபாய், கூரியர் தனி. ஒயரைச் சேர்த்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டேன். சல்லடைக்குக் கீழே கொசுவலைக் கம்பியை வெட்டி ஒட்டியிருக்கிறேன், இலை விழாமல் இருக்க.

மறுநாள் காலை அதே ஆறரை மணிக்கு அளந்தோம். கடைசி ஸ்பீடில் 9.4 ஆம்பியர். எல்லா ஸ்பீடும் ஓடுகிறது. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு கப்ளரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு கூட இல்லை.

ஆம்பியர்:

நல்ல வேலை. கொசுவலையில் ஈர இலை படிந்து காற்றை அடைக்கும், மாதம் ஒருமுறை கையால் வழித்துவிடுங்கள். அந்த எலக்ட்ரீஷியனிடம் பழைய கப்ளரைக் காட்டுங்கள், சண்டை போடாமல். அடுத்த வண்டிக்காவது உதவும்.

அப்பாவிடம் கோபப்பட வேண்டாம். நீங்களே சொல்கிறீர்கள், அவர் விட்டது கோடையில். அந்த வெயிலில் அது எண்ணெயாகத்தான் இருந்திருக்கும்.

டீத்தோட்டம்:

கோபமெல்லாம் இல்லை ஐயா. கப்ளரை எடுத்துக்கொண்டு போனேன், அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். உங்கள் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதனால் மோட்டார் இறுகி, கரண்ட் கூடி, கப்ளர் உருகி, ரெசிஸ்டரும் போயிருக்கலாம் என்று முழுசாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, கீச் சத்தம் நின்னுச்சா இல்லையா?” என்றார்.